தமிழில் தேடினால் 'பதிவு இல்லை' என்று வருவது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நூலகப் பட்டியல் முதல் பயனாளிகள் பட்டியல் வரை எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டன. ஆனால் பெயரைத் தமிழில் தட்டினால் 'பதிவு இல்லை' என்ற பதிலே அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் பதிவு உள்ளே இருக்கும். தேடும் முறையில்தான் கோளாறு.

நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் நிற்கிறது. 'முருகன்' என்று தேடுபவருக்கு 'கு. முருகன்' கிடைக்க வேண்டுமானால், லைக் கட்டளையில் (தரவுத்தளத்தில் ஒரு சொல்லைத் தேடும் கட்டளை) சொல்லின் முன்னால் % போட்டே ஆக வேண்டும். 'இந்த இடத்தில் எது இருந்தாலும் சரி' என்பது அதன் பொருள். முன்னால் % வந்தால், பதிவை விரைவாகக் கண்டுபிடிக்க உதவும் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. அட்டவணை முழுவதையும் வரிவரியாகப் படிக்க நேரும். தளம் திணறுகிறது என்று அந்த முன் %-ஐ எடுத்துவிடுவது தவறு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ட்ரைகிராம் நீட்சியை நிறுவி, பெயர் நிரலுக்கு (அட்டவணையின் நெடுவரிசை) ஜின் என்ற வகை இண்டெக்ஸ் போடலாம். அது சொல்லை மும்மூன்று குறிகளாக (கணினி ஒவ்வொன்றாகச் சேமிக்கும் எழுத்துக்கூறுகள்) வெட்டி வைத்துக்கொள்வதால் நடுவில் உள்ள துண்டும் விரைவாகச் சிக்கும். மூன்று குறிக்குக் குறைவாகத் தேடினால் பலன் இல்லை. தரவுத்தளம் 'சி' லோகேலில் (ஆங்கில எழுத்தை மட்டுமே எழுத்தாக அறியும் மொழி அமைப்பு) உருவாக்கப்பட்டிருந்தால் தமிழுக்கு இது வேலையே செய்யாது. முதலில் அதைப் பாருங்கள். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் என்றால், சொல்லைச் சிறு துண்டுகளாக வெட்டும் என்-கிராம் பார்சருடன் ஃபுல்டெக்ஸ்ட் (முழு உரைத் தேடல்) இண்டெக்ஸ் இருக்கிறது.

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் எழுத்தில் இருக்கிறது. 'கொடுமுடி'யின் முதல் எழுத்தில் உள்ள ஒகரத்தை ஒற்றைக் குறியாலும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. லைக் கட்டளைக்கு வேறு வேறு. யூனிகோடின் என்எஃப்சி முறைக்கு (ஒரே எழுத்தின் பல வடிவங்களை ஒன்றாக்கும் முறை) மாற்றினால் இது சரியாகும். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கு நார்மலைஸ் என்ற செயற்கூறே உண்டு.

ஆனால் என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. 'ஸ்ரீரங்கம்' என்பதன் ஸ்ரீயை ஸ-வைக் கொண்டும் ஶ-வைக் கொண்டும் உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. 'கௌரி'யைப் பலர் 'கெளரி' என்று ள போட்டுத் தட்டுகிறார்கள். ஆகவே மூலப் பெயரைத் தொடாமல், தேடலுக்கென்று தனி நிரல் வையுங்கள். அதில் என்எஃப்சி செய்த பிறகு ஶ்ரீயை ஸ்ரீ ஆக்கி, ஔகாரக் குறியைக் கொம்பும் ள-வுமாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகளை நீக்குங்கள். பயனர் தட்டும் சொல்லுக்கும் அதே மாற்றங்களைச் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செய்தால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

நூல் தலைப்புகளில் வேற்றுமை உருபும் சேரும். '%முருகன்%' என்று தேடினால் 'முருகனின்' கிடைக்காது, ஏனெனில் புள்ளி தனிக் குறி. கடைசிப் புள்ளியை விட்டு '%முருகன%' என்று தேடினால் இரண்டும் வரும். மகரத்தில் முடியும் சொல்லுக்கு இது போதாது. '%மரம%' என்பதோடு '%மரத்த%' என்பதையும் சேர்க்க வேண்டும். 'கல்' போன்ற குறுஞ்சொல்லில் புள்ளியை நீக்கக் கூடாது. கலை, கலம், கலப்பை எல்லாம் வந்து குவியும்.

ஒப்பந்தப்புள்ளி கோரும் துறைகள் இதை ஏற்புச் சோதனையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கொடுமுடி, ஸ்ரீரங்கம், கௌரி ஆகிய மூன்றையும் இரண்டிரண்டு விதமாகத் தட்டிப் பாருங்கள். ஆறு தேடலிலும் பதிவு வந்த பிறகே தளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தரவுத்தள நிர்வாகி ஒருவர்,
திருச்சி