மேசன் ஐயாவுக்குத் திருச்சியிலிருந்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய லோவெல் மேசன் ஐயா,

தேவாலயப் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட அமெரிக்கரான நீங்கள் 1872-இல் நியூ ஜெர்சியின் ஆரஞ்சு நகரில் கண்ணை மூடிவிட்டீர்கள். இருந்தாலும் உங்களோடு எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. வங்கியில் இருந்தவர் நீங்கள்; கணக்கு என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

மாசசூசெட்ஸின் மெட்ஃபீல்டில் பிறந்து, இருபது வயதில், 1812-இல், ஜார்ஜியாவின் சவானாவுக்குப் பிழைக்கப் போனீர்கள். முதலில் கடை வேலை, பிறகு வங்கி. மிச்ச நேரத்தில் தேவாலயப் பாடகர் குழு. ஏபல் என்ற ஜெர்மானியரிடம் இசை இலக்கணம் கற்று, ஒரு மெட்டுத் தொகுப்பையே உருவாக்கிவிட்டீர்கள். பாஸ்டனின் ஹாண்டல் – ஹைடன் இசைச் சங்கம் 1822-இல் அதை வெளியிட்டது. அட்டையில் உங்கள் பெயர் இல்லை. வங்கி அதிகாரியான உங்களைப் பாட்டுக்காரர் என்று ஊர் அறிவதில் உங்களுக்கு விருப்பமில்லை. படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்திலும் அப்படிப்பட்ட வங்கிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

புத்தகமோ பதிப்பு மேல் பதிப்பாக விற்றது.

சவானாவில் இருந்தபோதுதான் ஓர் அம்மையார் கேட்டார் என்று ரெஜினால்ட் ஹீபர் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் பாட்டுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தீர்கள். கிரீன்லாந்தின் பனிமலையில் தொடங்கி இந்தியக் கடற்கரைக்கு வரும் பாட்டு. அதில் இலங்கையைப் பற்றி ஓர் அடி: காண்பதெல்லாம் இனிது, மனிதன் மட்டும் இழிந்தவன். 1819-இல் இதை எழுதியபோது ஹீபர் இலங்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. பின்னர் கல்கத்தாவின் பிஷப்பாக வந்தார், இலங்கைக்கும் போனார். கடைசியில் 1826 ஏப்ரல் 3 அன்று எங்கள் திருச்சியில் குளிக்கும்போது இறந்தார். இங்குள்ள தூய யோவான் ஆலயத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் மெட்டு தானாக வாயில் வந்துவிடுகிறது, எரிச்சலாக இருக்கிறது. அந்த வரிகள் தம்மைத் தைத்ததாகக் காந்தி 1925-இல் கல்கத்தாவில் மிஷனரிகளின் முன்னாலேயே சொன்னார். எழுதியவர் ஹீபர்தானே, மெட்டு என்ன பாவம் செய்தது என்று கேட்பீர்கள். மெட்டு அவ்வளவு நன்றாக அமைந்திராவிட்டால் அந்த வரி அத்தனை காலம் அத்தனை பேர் வாயில் நின்றிருக்காதே, ஐயா!

பற்று எழுதியாயிற்று, வரவையும் எழுதுகிறேன். 1827-இல் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தீர்கள். 1833-இல் இசைக் கழகம் ஒன்றை நிறுவினீர்கள். அரசுப் பள்ளியில் பாட்டு கற்பிக்க நகரம் பணம் ஒதுக்கவில்லை. ஹாஸ் பள்ளியில் ஓர் ஆண்டு சம்பளமே வாங்காமல் கற்பித்தீர்கள். 1838-இல் பள்ளிக் குழு இசையைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. சுவிஸ் கல்வியாளர் பெஸ்தலோசியின் வழியில், குழந்தைக்கு முதலில் ஓசை, பிறகுதான் எழுத்துக்குறி என்றீர்கள். சரளி வரிசையைக் காதால் கேட்டே பழகிய எனக்கு இதில் புதுமை தெரியவில்லை. ஆனாலும் ஏழை வீட்டுப் பிள்ளையும் கட்டணமின்றிப் பாடக் கற்கலாம் என்று ஆக்கியதற்கு உங்களை வணங்க வேண்டும்.

ஆனால் ஐயா, உங்களுக்கு முந்தைய தலைமுறையின் மெட்டுக்காரர் வில்லியம் பில்லிங்ஸ் உங்களுக்கு என்ன செய்தார்? தோல் பதனிட்டுப் பிழைத்த பாஸ்டன்காரர். ஒரு குரல் முன்னே ஓட, மற்றவை துரத்திக்கொண்டு வரும் மெட்டுகளை எழுதினார். உங்கள் தரப்புக்கு அது முரட்டுத்தனமாகப் பட்டது. ஐரோப்பிய இலக்கணமே சரி என்று அந்த இசையை ஓரங்கட்டினீர்கள். அது தெற்கே போய்ப் பிழைத்துக்கொண்டது. சுரங்களை முக்கோணம், வட்டம், சதுரம், வைரம் என்ற வடிவங்களால் குறித்து 1844-இல் அச்சான ‘சேக்ரட் ஹார்ப்’ தொகுப்பை இன்றும் பாடுகிறார்கள். அதைத் தொகுத்தவர்கள் எந்த மாநிலத்தவர் தெரியுமா? நீங்கள் வங்கிக் கணக்கு எழுதிய அதே ஜார்ஜியா.

என் கோபத்தில் பாதி உங்களுக்கு உரியதல்ல. நீங்கள் வாழ்ந்த அதே காலத்தில் தஞ்சாவூரில் வேதநாயகம் சாஸ்திரியார் நம் ராகங்களில் கிறிஸ்தவப் பாடல்கள் புனைந்துகொண்டிருந்தார். அவற்றைக் கோவிலுக்குள் பாடலாமா என்று முகம் சுளித்த மிஷனரிகளும் இருந்தார்கள். இன்று எங்கள் ஆராதனையில் மேல்நாட்டு மெட்டில் பாடும் பாமாலையும் உண்டு, நம் ராகத்தில் பாடும் கீர்த்தனையும் உண்டு. ஒன்றுக்கு ஆர்கன், மற்றதற்குத் தபலா. அரை மணி நேரத்துக்குள் இரண்டையும் பாடிவிடுவோம். யாருக்கும் தொண்டை கட்டுவதில்லை.

1856-இல் ஓர் இரவு தூக்கம் வராமல் இருட்டில் விழித்துக் கிடந்தபோது ஒரு மெட்டு உங்களுக்குள் வந்தது; காலையில் எழுந்து குறித்து வைத்தீர்கள். அந்த மெட்டின் பெயர் ‘பெத்தானி’. போன மாதம் எங்கள் பெரியம்மாவை எடுத்துப் போவதற்கு முன் வாசலில் நின்று ‘உம்மண்டை கர்த்தரே’ என்று அதைத்தான் பாடினோம். மேலே ஏறும் இடத்தில் எல்லோர் குரலும் உடைந்தது. அடுத்த அடியில் மெட்டு எங்களைக் கீழே இறக்கி நிறுத்தியது. அந்த நேரத்தில் பில்லிங்ஸ் நினைவுக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் கையிலிருந்த பழைய பாமாலைப் புத்தகத்தில் சொற்கள் மட்டும்தான் இருந்தன. யார் போட்ட மெட்டு என்று சித்தப்பா கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். வங்கியில் வேலை பார்த்தவர் என்பதையும் சொன்னேன்.

இப்படிக்கு,
பாடகர் குழுவின் பின்வரிசையிலிருந்து ஒருவன்