கப்பல் கடனும் கள்ளச்சரக்கும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். மகள் பிளஸ் டூ போய்விட்டதால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருவதில்லை.

விண்கப்பல் ஆட்களாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை நடத்தும் ‘டிராவலர்’ ஆட்டத்தை நீ நடத்தப் போகிறாய் என்று படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதிலும் கடத்தல்காரனிடம் வேலை பார்க்கும் கதை! மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி எவ்வளவு பொல்லாதவன் என்று காட்ட மெனக்கெடாதே. நெருக்கடி அவனிடம் இல்லை, கப்பல் கடனில் இருக்கிறது. மார்க் மில்லர் 1977-இல் கொண்டுவந்த ஆட்டத்தின் பழைய விதிகளை எடுத்துப் பார். ‘ஃப்ரீ டிரேடர்’ என்ற 200 டன் சரக்குக் கப்பலின் விலை, ஆட்டத்தின் பணமான கிரெடிட்டில், 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம். மாதத் தவணை அதில் 240-இல் ஒரு பங்கு, அதாவது 1,54,500. இப்படி 480 மாதம் கட்ட வேண்டும். சரக்குக்கு இடம் 82 டன், டன்னுக்குக் கூலி 1,000. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு வாரம், துறைமுகத்தில் ஒரு வாரம் என்று மாதத்துக்கு இரண்டு நடைதான் போக முடியும். கிடங்கு முழுக்க நிரம்பினாலும் 1,64,000. எரிபொருள், சம்பளம், மூச்சுக்காற்று எல்லாம் மிச்சத்தில் அடங்காது. பயணிகள் ஏறினால் சமாளிக்கலாம். ஏறாத ஊரில்தான் உன் முதலாளி இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை நீ போட்டுக் காட்டாதே, ஆட்டக்காரர்களையே போடச் சொல். 2013-இல் வந்த ‘எட்ஜ் ஆஃப் தி எம்பயர்’ என்ற ஸ்டார் வார்ஸ் ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் கடப்பாட்டுக்கு, அதாவது கடன் மாதிரித் தலைமேல் இருக்கும் பொறுப்புக்கு, ஒரு எண் உண்டு. அது இன்றைக்குத் தலைதூக்குமா என்று ஆரம்பத்திலேயே நூறு வரை பகடை உருட்டிப் பார்ப்பார்கள். நல்ல யோசனைதான். ஆனாலும் தன் கையால் கழித்துப் பார்த்துத் துண்டு விழுவதைக் கண்டவர்கள் கதைக்குள் இறங்குவதே வேறு மாதிரி.

எங்கள் மேசையில் நடந்ததைக் கேள். மரியாதையான ஒரு மனிதர் வந்து, பாதிப் பணத்தை முன்பணமாக வைத்து, ஆறு உறைதூக்கப் பெட்டிகளை (ஆட்களை உறைய வைத்துத் தூங்கவிட்டு ஏற்றிச்செல்லும் பெட்டிகள்) அடுத்த உலகத்தில் இறக்கச் சொன்னார். யாரும் பேரம்கூடப் பேசவில்லை. தாவலுக்குள் போன பிறகுதான் பெட்டிகளில் பெயர் எழுதும் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார்கள். உள்ளே இருப்பவர்கள் விரும்பி வந்தவர்களா? ஒருவரை எழுப்பிக் கேட்டுவிடலாம் என்றாள் மருத்துவராக ஆடிய பெண். எழுப்பினால் இரண்டு பகடையும் சேர்ந்து ஐந்துக்குக் குறையாமல் விழ வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆள் பிழைக்க மாட்டார். ஆறில் ஒரு பங்கு ஆபத்து. மருத்துவத் திறன் இரண்டு இருந்தால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம், அவளுக்கு ஒன்றுதான். பகடையைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தாள். அறையில் யாரும் பேசவில்லை. கடைசியில் உருட்டாமல் கீழே வைத்துவிட்டு, “இறங்கினதும் ஆஸ்பத்திரியில் வைத்துத் திறப்போம், பெட்டி தந்த மனிதரிடம் ஒப்படைக்க வேண்டாம்” என்றாள்.

இங்கேதான் ஆட்டத்தை நடத்தும் ரெஃப்ரிகள் பலர் அடியாட்களை அனுப்புவார்கள். எனக்கு அது பிடிக்காது. முடியாது என்றதும் துப்பாக்கி நீண்டால், ஆட்டக்காரர்கள் எடுத்த முடிவு வெறும் சண்டைக்குச் சாக்காகிவிடும். பெட்டி தந்த என் மனிதர் கப்பலின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் அவர்களுக்குச் சரக்கு தர ஆளில்லை. தவணைத் தேதி மட்டும் தவறாமல் வந்தது. அவர்கள் ஒருநாளும் அந்த முடிவுக்காக வருந்தவில்லை என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

ஒன்று மறந்துவிடாதே. ஆள்கடத்தல் மாதிரி விஷயம் வருவதாக இருந்தால் முதலிலேயே எல்லாரிடமும் கேட்டுவிடு. யாராவது வேண்டாம் என்றால் பெட்டியில் வேறு ஏதாவது வைத்துக்கொள்.

உன் முதலாளி எந்த உலகத்தில் உட்கார்ந்திருக்கிறார், என்ன சரக்கு கொடுக்கிறார் என்று எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
முரளி