செயலாளரின் ஆண்டறிக்கை: பூங்காவில் ஏறி விளையாட ஒரு சிற்பம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான்: பிள்ளைகள் ஏறி விளையாடுவதற்கென்றே பூங்காவில் ஒரு சிற்பம்.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் சிற்பக்குழு கூடியதுமே, ஒவ்வொருவரும் மனதில் வைத்திருந்த சிற்பம் வேறு வேறு என்று தெரிந்துவிட்டது. பாதிப் பேருக்கு யானை வேண்டும். மீதிப் பேருக்கு எந்த உருவமும் வேண்டாம்; மேடும் குழியும் துளையுமாக இருந்தால் போதும், என்ன உருவம் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்துகொள்வார்கள் என்றார்கள்.

இது உலகம் முழுக்க நடந்த வாக்குவாதம்தான். ஸ்டாக்ஹோமின் ஹும்லெகோர்டன் பூங்காவில் 1949-இல் சிற்பி எகோன் மொல்லர் நீல்சன் வைத்த ‘துஃப்சென்’ என்ற சிற்பம் எதைப் போலவும் இல்லாத ஒரு வளைவு. சறுக்கலாம், உள்ளே புகுந்து ஒளியலாம். ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை வடிவமைத்த கட்டிடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் இன்னும் ஒரு படி மேலே போனார். அலுமினிய யானை நிஜமில்லை, யானை என்றால் நடமாட வேண்டும் என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சிக்கும் சாட்சி உண்டு. சிற்பி நிக்கி த சான் ஃபால் 1972-இல் ஜெருசலேமில் கட்டிய ‘கோலெம்’ (யூதக் கதைகளில் வரும் களிமண் பூதத்தின் பெயர்) அசல் பூதம். அதன் வாயிலிருந்து தொங்கும் மூன்று சிவப்பு நாக்குகள்தான் சறுக்குகள். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அங்கே பெரியவர்கள் பயந்தார்கள். பிள்ளைகளோ அதன் மேல் ஏறிக்கொண்டேயிருக்கிறார்கள்.

நம் குழுவில் வாக்கெடுப்பு வரை போகவில்லை. சிற்பி களிமண்ணில் செய்த சிறு மாதிரியைக் கொண்டுவந்து, உறுப்பினர்களின் பிள்ளைகள் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தார். சறுக்குதான் முக்கியம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு சிறுமி அதைத் தொடவே இல்லை. பின்பக்கத்துக் குழியில் விரலை விட்டு, ‘இது அடுப்பு’ என்றாள். இன்னொருவன் அதே குழியில் தண்ணீர் ஊற்றிக் குளமாக்கினான். யானைக் கட்சி அதோடு அடங்கியது. குழியைப் பெரிதாக்கச் சொன்னோம். மழைநீர் தேங்காமல் அடியில் வடிகால் துளையும் சேர்த்தோம்.

அப்புறம் பாதுகாப்பு. மாதிரியில் ஒரு அழகான சிறு சன்னல் இருந்தது. பார்க்க நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் பாராட்டினோம். ஆனால் விளையாட்டுக் கருவிகளுக்கான விதிகளின்படி, பிள்ளைகள் புகக்கூடிய, நாலாபுறமும் மூடிய துளைக்கு 89 மில்லிமீட்டரிலிருந்து 230 மில்லிமீட்டர் வரையுள்ள அளவு ஆபத்தானது. கால் நுழையும், உடம்பும் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும். உடல் கீழே தொங்க, தலை மட்டும் மேலே நிற்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். சிற்பி சன்னலை ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு அகலமாக்கினார். எனக்கென்னவோ முன்பைவிட இதுதான் அழகு.

விழும் உயரத்துக்கு ஐரோப்பிய விதி தரும் உச்சவரம்பு 3 மீட்டர். நம்முடையது அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் சுற்றிலும் தடிமனாக மணல் போட்டிருக்கிறோம். மணல் எதற்கு, சிமென்ட் தரையே சுத்தமாக இருக்குமே என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்: சிற்பத்தைப் போலவே கீழே இருக்கும் தரையும் சிற்பியின் வேலைதான். அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி விழும் கவலைக்கு வேறு வழி கண்டவர். அவர் வடிவமைத்த விளையாட்டுக் கருவிகள் ஆபத்தானவை என்று நியூயார்க்கில் ஆட்சேபணை வந்தபோது, 1941-இல் நிலத்தையே மேடு பள்ளமாக வளைத்து ஒரு திட்டம் போட்டார். விழுவதற்கு அதில் இடமே கிடையாது. அது கட்டப்படாமலே போனது வருத்தம்தான்.

சிற்பம் கம்பி வைத்த கான்கிரீட். கம்பியை மூடிப் போதுமான கனத்துக்குக் கான்கிரீட் இல்லாவிட்டால் ஈரம் உள்ளே போகும்; துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். அதனால் வார்ப்பு நாளில், கம்பி அச்சுப் பலகையில் ஒட்டாமல் இடம் விட வைக்கும் இடைவெளிக் கட்டைகளைப் பொறியாளரே ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மேலே பெயின்ட் அடிக்கவில்லை, வண்ணப்பொடியைக் கலவையிலேயே சேர்த்துவிட்டோம். தேய்ந்தாலும் உள்ளேயும் அதே நிறம்தான். சறுக்குப் பகுதி மரநிழல் பக்கம் திரும்பியிருக்கிறது, நண்பகல் வெயிலில் தொடை பொசுங்காமலிருக்க.

நன்கொடையாளர் பெயர்ப்பலகையைச் சிற்பத்திலேயே பதிக்க வேண்டும் என்ற கோரிக்கையைச் செயற்குழு ஏற்கவில்லை. பலகைக்குக் கூர்முனை உண்டு. அது வாசல் தூணில் இருக்கிறது, எல்லோர் கண்ணிலும் படுகிறது.

திறந்த பிறகு சில நாள் ஒரு வேடிக்கை நடந்தது. சிலை என்றால் தொடக்கூடாது என்று பழகிய நம் காவலாளி, யார் ஏறினாலும் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெற்றோரிலும் பலர் ‘இறங்கு, இறங்கு’ என்றுதான் கத்தினார்கள். ‘ஏறி விளையாடலாம்’ என்று பலகை வைத்தபின் விசில் நின்றது. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் 1959-இல் வைத்த, ‘அற்புத உலகில் ஆலிஸ்’ கதையின் வெண்கலச் சிற்பம் பிள்ளைகள் ஏறி ஏறியே பளபளவென்று ஆகியிருக்கிறது. நம்முடையதும் அப்படித் தேயட்டும். தேய்மானத்தைச் சேதமாக எழுத வேண்டாம் என்று சிற்பியுடனான ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறோம்; பழுது பார்ப்பதானால் மட்டும் அவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

வரும் ஆண்டுக்கு ஒரு வேண்டுகோள். மணலில் கண்ணாடித் துண்டு கிடக்கிறதா என்று தினமும் பார்க்க ஆள் வேண்டும். விரிசலும் வடிகாலும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை. ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள வெளியாளை வைத்து முழுப் பரிசோதனை செய்யத் தீர்மானம் கொண்டுவருகிறோம். தினசரிப் பார்வைக்கு முறை வைக்கத் தாள் ஒன்று இப்போது சுற்றுக்கு வருகிறது. பெயர் எழுதுகிறவர்கள் காலையா மாலையா என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்