ஆறு நிறுத்தம், ஆறு ஆள்

பூன் லே, சிங்கப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? புளியரைப் பக்கம் சாரல் ஆரம்பித்துவிட்டதாகத் தம்பி சொன்னான். கொடுத்துவைத்தவர்கள். இங்கே மழை அடித்துப் பெய்துவிட்டுப் போய்விடும். முகத்தில் தெளிக்கிற வேலையெல்லாம் அதற்குத் தெரியாது.

வேலை முடிந்து என்ன செய்கிறாய் என்று போனில் கேட்டீர்கள். முடிந்து அல்ல, வேலைக்குப் போகும்போது ஒன்று செய்கிறேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் கடிதம். ஆள் படம் வரைகிறேன் அப்பா.

பூன் லேயில் ரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் துவாஸ் லிங்க், அதோடு தண்டவாளம் முடிகிறது. ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததுக்கும் இரண்டு மூன்று நிமிடம். கதவு மூடியதும் பேனாவை வைப்பேன், திறந்ததும் எடுத்துவிடுவேன், பாதி மூக்கில் நின்றாலும் சரி. நிறுத்தத்துக்கு ஒரு ஆள், வாரத்தில் ஆறு நாள், மாதம் சுமார் 150 பேர். எட்டு மாதத்தில் நாலு நோட்டு. பென்சில் கிடையாது. ரப்பர் கையில் இருந்தால் அழித்துக்கொண்டே துவாஸ் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

முதல் நோட்டில் யாருக்குமே நெற்றி இல்லை. உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில்தான் கண் இருக்கிறது. நான் அதை மேலே ஏற்றி, ஊரையே மூளையில்லாதவர்களாக்கி வைத்திருக்கிறேன். சின்ன வயதில் பட்டறைக் காலண்டரில் ரவிவர்மாவின் லட்சுமியைக் கட்டம் போட்டு வரைந்தபோது இந்தத் தப்பு வரவில்லை. ரயிலில் யார் மேல் கட்டம் போடுவது?

இதில் எல்லாரும் போனில் குனிந்திருப்பார்கள். குனிந்த தலையில் கண் கீழே இறங்கிவிடும், காது அதற்கு மேலே ஏறிவிடும், கழுத்து காணாமல் போகும். கண்ணெதிரே தெரிந்தும் கை நம்பவில்லை. காது கண்ணுக்கு நேரேதானே என்று அதுபாட்டுக்குப் போட்டது. கை கண்ணுக்கு அடங்க நாலு மாதம் ஆனது.

புனலூர் லாரிகளுக்கு இரண்டு மொழியிலும் எழுதும்போது சொல்வீர்களே, மலையாள எழுத்துக்கு வயிறு, தமிழுக்கு முதுகு, முதலில் அதை நிற்க வை, சுழியெல்லாம் அப்புறம் என்று. முகத்தில் ஆரம்பித்தவரை என் ஆட்கள் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருந்தார்கள். இப்போது முதல் கோடு உடம்புக்குத்தான். ஒற்றைக்காலில் பாரம் போட்டு நிற்பவரின் கழுத்துக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால், அந்தப் பாதத்துக்கு நேரே வந்து நிற்கும். அந்தப் பக்கம் இடுப்பு ஏறும், தோள் இறங்கும். கம்பியில் சாய்ந்தவர்களுக்கு இது சரிவராது; பாதிப் பாரத்தைக் கம்பி வாங்கிக்கொள்கிறது.

ஒருநாள் எதிரே இருந்த சீனத் தாத்தா கவனித்துவிட்டார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். நோட்டை வாங்கிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் படத்தின் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தார். நான் போட்டிருந்தது குழந்தைக் கை. விரித்த கை தாடையிலிருந்து நெற்றிமுடி வரை வரும் அப்பா, உங்கள் முகத்தில் வைத்துப் பாருங்கள். அன்றிலிருந்து பெரிதாகவே போடுகிறேன், கொஞ்சம் கூடிப்போனாலும்.

பக்கத்து அறை புனலூர்க்காரர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். இரண்டாவது, நாலாவது நோட்டுகளை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். தம்பி செங்கோட்டையிலிருந்து ரயிலில் போய் வாங்கிக்கொள்ளட்டும். 2018-இல் அகலப்பாதை ஆன பிறகு நான் அந்தப் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டியதே இல்லை. அவனாவது ஜன்னலோரம் உட்காரட்டும்.

தப்புத் தெரிகிற இடத்தைச் சிவப்பு மையால் சுழித்து வையுங்கள். அம்மா பக்கத்து வீட்டுக்குக் காட்டுவதாக இருந்தால் நாலாவதை மட்டும் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்