நீக்கத் தயார், மாற்று எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை, அதாவது ஒபாமாகேரை, எடுத்துவிட்டுப் பழமைவாதிகளான குடியரசுக் கட்சியினரின் மாற்றுத் திட்டத்தைக் கொண்டுவர அந்நாட்டு மக்கள் ஆதரவு தருவதாக நம் பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வருகிறது. என்ன கேட்டார்கள் என்று சொல்லாமல் விழுக்காட்டை மட்டும் போட்டால் அந்தச் செய்தியை வைத்து எதுவும் புரிந்துகொள்ள முடியாது.

பெயரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. கென்டக்கி மாநிலம் இதே சட்டத்தின்கீழ் நடத்திய காப்பீட்டுச் சந்தைக்கு (மக்கள் காப்பீட்டை ஒப்பிட்டு வாங்கும் இடம்) 'கனெக்ட்' என்று தனிப்பெயர் வைத்தது. 2014 மே மாதக் கணிப்பில் அங்கே ஒபாமாகேர் பிடிக்கவில்லை என்றவர்கள் 57 விழுக்காடு, கனெக்ட் பிடிக்கவில்லை என்றவர்கள் 22. சரக்கு ஒன்றுதான், லேபிள் வேறு.

அடுத்தது கேள்வி. 2017 ஜனவரியில் கைசர் குடும்ப அறக்கட்டளை என்ற சுகாதார ஆய்வு அமைப்பு வெளியிட்ட கணிப்பில் உடனே நீக்கு என்றவர்கள் 20 விழுக்காடு, மாற்றுத் திட்டத்தின் விவரம் தெரிந்த பிறகு நீக்கலாம் என்றவர்கள் 28, நீக்கவே வேண்டாம் என்றவர்கள் 47. முதல் இரண்டையும் கூட்டி 'நீக்க 48 விழுக்காடு ஆதரவு' என்று தலைப்புப் போடலாம். கடைசி இரண்டைக் கூட்டி 'இப்போது தொடாதே என்கிறார்கள் 75 விழுக்காட்டினர்' என்றும் போடலாம். இரண்டுமே பொய்யில்லை! குடியரசுக் கட்சியின் மாற்று மசோதா, அதன் விவரங்களோடு, மார்ச்சில் வெளியானது. குவினிபியாக் பல்கலைக்கழகக் கணிப்பில் அந்த மசோதாவுக்கு ஆதரவு 17, எதிர்ப்பு 56.

அப்படி என்ன இருந்தது அதில்? ஒபாமாகேர் மூன்று கல் வைத்த அடுப்பு. நோயைக் காட்டிக் காப்பீட்டை மறுக்கவோ பிரீமியத்தைக் கூட்டவோ கூடாது என்பது ஒரு கல். அப்படியானால் நோய் வந்த பிறகு சேர்ந்துகொள்ளலாம் என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள், ஆகவே சேராதவர்களுக்கு அபராதம் (2019 முதல் இது பூஜ்யமாக்கப்பட்டுவிட்டது). கட்ட முடியாதவர்களுக்கு வருமானத்தைப் பார்த்து மானியம். 2017 மசோதா அபராதத்தை எடுத்துவிட்டு, 63 நாளுக்கு மேல் காப்பீடு இல்லாமல் இருந்தவர் திரும்பச் சேர்ந்தால் ஓராண்டுக்கு 30 விழுக்காடு கூடுதல் பிரீமியம் என்றது. இது வெளியே போகிறவரை விட்டுவிட்டு, உள்ளே வருகிறவரைத் தண்டிக்கிற ஏற்பாடு. உடம்பு நன்றாக இருப்பவர் இன்னும் தள்ளிப்போடுவார், 30 விழுக்காடு கூடக் கொடுத்தாவது வருகிறவர் நோயாளியாகத்தான் இருப்பார். மானியத்தையும் வயதுக்கு மாற்றினார்கள்: 30-க்குக் கீழே 2,000 டாலர், 60-க்கு மேல் 4,000. கூடவே, முதியவரிடம் இளைஞரைப் போல மூன்று மடங்கு வரை பிரீமியம் வாங்கலாம் என்றிருந்ததை ஐந்து மடங்காக்கினார்கள். விளைவை நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகமே கணக்குப் போட்டது. ஆண்டுக்கு 26,500 டாலர் சம்பாதிக்கும் 64 வயதுக்காரர் கையிலிருந்து கட்டுவது 1,700 டாலரிலிருந்து 14,600 டாலராகும். வருமானத்தில் பாதிக்கு மேல்.

நோயாளிகளைத் தனியே பிரித்து அரசுப் பணத்தில் காப்பீடு தருவது ('ஹை ரிஸ்க் பூல்') இன்னொரு யோசனை. 2010-க்கு முன்பே 35 மாநிலங்களில் இருந்து பார்த்ததுதான். எல்லாம் சேர்த்து 2011-இல் சுமார் 2.26 லட்சம் பேர்தான் இருந்தார்கள். எந்த நோய்க்காகச் சேர்ந்தாரோ அதற்கே பல மாநிலங்களில் மாதக்கணக்கில் காத்திருப்பு. புளோரிடா 1991-லேயே புதியவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. இந்த நோயாளிகளுக்கு ஓட்டு பலம் குறைவு, நிதி இறுகும்போது முதலில் வெட்டு விழுவது இவர்கள் மேல்தான்.

பழமைவாத யோசனை எல்லாமே உதவாது என்று சொல்லவில்லை. குடியரசுக் கட்சியின் செல்வாக்கு மிகுந்த அலாஸ்கா, 2017-இல் நோயாளிகளைப் பிரிக்காமல் ஒரே தொகுப்பில் வைத்துக்கொண்டு, செலவு மிகுந்த சில நோய்களின் பில்லை மட்டும் அரசே ஏற்றது. 40 விழுக்காட்டுக்கு மேல் ஏறவிருந்த பிரீமியம் சுமார் 7 விழுக்காட்டோடு நின்றது. பணத்தை அரசு உண்மையாகவே போட்டது, அதனால் நடந்தது.

மக்களின் கோபத்திலும் நியாயம் உண்டு. பழைய விதிப்படி 2026-இல் தனிநபருக்கு வருமானம் 62,600 டாலரைத் தாண்டினால், ஒரு டாலர் தாண்டினாலும், மானியம் பூஜ்யம். 2021 முதல் 2025 வரை இந்த வெட்டு தற்காலிகமாக விலக்கப்பட்டிருந்தது. அதை நீட்டிப்பதற்குப் பதிலாக 2025 டிசம்பரில் குடியரசுக் கட்சி செனட்டர்கள் கொண்டுவந்த மசோதா, மருத்துவச் சேமிப்புக் கணக்கில் 50 வயதுக்குக் கீழே 1,000 டாலரும் அதற்கு மேல் 1,500 டாலரும் அரசு போடச் சொன்னது. அந்தப் பணத்தைப் பிரீமியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. சேர வேண்டிய, 'வெண்கலம்' (Bronze) போன்ற பிரீமியம் குறைந்த திட்டத்திலோ, காப்பீடு கைகொடுக்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை சராசரியாக 7,000 டாலருக்கு மேல். செனட்டில் அது தேவையான 60 ஓட்டைப் பெறவில்லை.

பழமைவாத மாநிலங்களான ஐடஹோ, நெப்ராஸ்கா, யூட்டா மக்கள் 2018-இலும், ஓக்லஹோமா, மிசௌரி மக்கள் 2020-இலும் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டை இதே சட்டத்தின்கீழ் விரிவாக்கச் சொல்லி நேரடியாக ஓட்டுப் போட்டார்கள் என்பதையும் அத்தகைய செய்திகளோடு சேர்த்து வெளியிடலாம்.

நமக்கென்ன என்று கேட்கலாம். கிரீன் கார்டில் பிள்ளைகளோடு போய்த் தங்கும் நம்மூர்ப் பெற்றோர், அங்கே வேலை பார்த்த கணக்கு இல்லையென்றால், 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் பணம் கட்டிச் சேரவே ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ள 67 வயதுக்காரரை நோயைப் பார்க்காமல் சேர்த்துக்கொள்வது ஒபாமாகேரின் இந்தக் காப்பீட்டுச் சந்தைதான்.

தங்கள் வாசகர்,
திருச்சி