அந்தக் குழந்தைகள் கதையை யார் சொன்னது என்றும் சொல்லுங்கள்

தமிழில் வரலாற்றுக் காணொளி போடும் நண்பர்களுக்கு,

வணக்கம். ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து உங்கள் காணொளிகளைப் பார்க்கிற ஆள் நான். அந்த உரிமையில் ஒரு குறை சொல்ல வேண்டும். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் என்று பேச்செடுத்தாலே ஒரே கதைதான் வருகிறது. பச்சைக் குழந்தைகளைச் செவிலியரிடம் கொடுத்து, பால் கொடுங்கள், குளிப்பாட்டுங்கள், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாதீர்கள் என்றாராம். யாரும் சொல்லித்தராத குழந்தை எபிரேயம் பேசுமா, கிரேக்கம், லத்தீன், அரபி பேசுமா என்று பார்க்கத்தானாம். கொஞ்ச ஆளில்லாமல் எல்லாக் குழந்தைகளும் இறந்துவிட்டன. பின்னணியில் சோகமாக வயலின்.

சரி, இதைச் சொன்னது யார்? சலிம்பேனே என்ற பிரான்சிஸ்கன் துறவி. பேரரசர் இறந்தது 1250-இல். இவர் எழுதியது 1280-களில். இவருடைய சொந்த ஊர் இத்தாலியிலுள்ள பார்மா. அந்த ஊர் 1247-இல் பிரெடரிக்குக்கு எதிராகத் திரும்பியது. அவரும் விடவில்லை, முற்றுகையிட்டார். ஊருக்கு வெளியே மரத்தாலேயே ஒரு நகரம் கட்டி, ஜெயித்த மாதிரியே ‘விட்டோரியா’ என்று பெயரும் வைத்தார். 1248 பிப்ரவரியில் ஒருநாள் அவர் வேட்டைக்குப் போன நேரம் பார்த்து, பார்மாக்காரர்கள் பாய்ந்து வந்து அத்தனையையும் கொளுத்தினார்கள். கிரீடமும் போயிற்று. இப்படிப்பட்ட ஊர்க்காரர், முப்பது வருஷம் கழித்து, பேரரசரின் கிறுக்குத்தனங்கள் என்று போட்ட பட்டியலில் வருவதுதான் உங்கள் குழந்தைகள் கதை. தன் பெயரில் ‘இ’ வரவேண்டிய இடத்தில் ‘எ’ எழுதிய எழுத்தரின் கட்டைவிரலை வெட்டினார் என்பதும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. போதாததற்கு, இதே போன்ற குழந்தைக் கதையை எகிப்து அரசன் ஒருவன்மேல் ஏற்றி, பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எப்போதோ சொல்லிவிட்டார்.

முழுப் பொய் என்று நான் அடித்துப் பேசவில்லை. “சலிம்பேனே எழுதுகிறார்” என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

சோதனைதான் வேண்டுமென்றால் பிரெடரிக்கே எழுதிவைத்தது இருக்கிறதே. வல்லூறுகளை வைத்து வேட்டையாடுவது பற்றி அவர் எழுதிய பெரிய லத்தீன் நூலைப் பாருங்கள். பிணந்தின்னிக் கழுகு இரையை மோப்பத்தால் கண்டுபிடிக்கிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். இவர் கழுகுகளின் இமைகளைத் தைத்து மூடிவிட்டு, முன்னால் இறைச்சியைப் போட்டுப் பார்த்தார். மூக்கு திறந்துதான் இருந்தது. கழுகுகளுக்கு எதுவும் தெரியவில்லை. கழுகுக்குக் கொடுமைதான். ஆனால் அரிஸ்டாட்டில் சொன்னாலும் சரிபார்க்காமல் ஏற்கமாட்டேன் என்ற பிடிவாதம் அந்தப் பக்கங்களில் நன்றாகவே தெரிகிறது.

ஜெருசலேம் விஷயத்தையும் அரை நிமிஷத்தில் தாண்டிவிடுகிறீர்கள். 1227-இல் சிலுவைப் போருக்குக் கப்பலேறியவர், காய்ச்சல் கண்டு திரும்பிவிட்டார். போப் ஒன்பதாம் கிரகோரி அவரைத் திருச்சபையை விட்டே விலக்கினார். விலக்கப்பட்ட நிலையிலேயே அடுத்த வருஷம் மறுபடி கிளம்பினார். எகிப்து சுல்தான் அல் காமிலோடு பேசிப்பேசியே 1229 பிப்ரவரியில் பத்து வருஷ ஒப்பந்தம் முடிந்தது. ஜெருசலேம், பெத்லகேம், நாசரேத் கிறிஸ்தவர்களுக்கு. அல் அக்சா பள்ளிவாசல் இருக்கும் வளாகம் முஸ்லிம்களிடமே. இரண்டு தரப்பிலும் வசவுதான் மிஞ்சியது. மே மாதம் விடியற்காலையில் ஊர் திரும்பக் கப்பலேற ஆக்கர் நகரத் துறைமுகத்துக்கு நடந்தவர்மேல், கறிக்கடைத் தெருவில் குடலையும் இறைச்சித் துண்டுகளையும் வீசினார்கள்.

அதற்காக அவரை மதச்சார்பற்ற மகானாக்கும் காணொளியும் எனக்கு வேண்டாம். சிசிலியில் கிளர்ச்சி செய்த முஸ்லிம்களைப் பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கி, கடல் தாண்டி இத்தாலியின் லூச்சேராவில் கொண்டுபோய்க் குடியேற்றியவர் இவரே. அங்கே தொழுகைக்குத் தடையில்லை. அந்த வில்லாளிகள் அவருக்கே விசுவாசமான படையானார்கள். வட இத்தாலியின் லொம்பார்டியில் திருச்சபைக் கொள்கையை மறுப்பவர்களை எரிக்க வேண்டும், உயிரோடு விட்டால் நாக்கையாவது அறுக்க வேண்டும் என்று 1224-இல் சட்டம் போட்டதும் இவர்தான். அதே வருஷம்தான் நேப்பிள்ஸில் பல்கலைக்கழகம் தொடங்கினார். கொடுமைக்கு ஆதாரம் தேடி சலிம்பேனேவிடம் போக வேண்டியதே இல்லை, சட்டமே இருக்கிறது.

அடுத்த காணொளிக்கு முகப்புப் படம் வேண்டுமென்றால் ஒரு யோசனை. அந்த வேட்டை நூலின் பழைய பிரதி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. இணையத்திலேயே பக்கம் புரட்டலாம். ஓரத்தில் ஒரு வெள்ளைக் காக்கட்டூ கிளி வரைந்திருக்கிறது. சுல்தான் அனுப்பிய பரிசு. ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கத்துப் பறவை அது. எத்தனை கப்பல், எத்தனை வியாபாரிகள் கைமாறி சிசிலி அரண்மனை வரை வந்ததோ! இருட்டுத் தொட்டிலையும் அழுகிற குழந்தையையும் எடுத்துவிட்டு அந்தக் கிளியைப் போடுங்கள். முதல் ஆளாக வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய பார்வையாளன்