எல்லா ஜீப்பும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் குலசேகரம் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் ஜீப்பின் முன் கண்ணாடியில் ஒரு நோட்டீஸ்: ‘காட்டை அழிக்கும் வண்டி’. பசை காய்ந்திருந்தது, பிளேடால் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. வண்டியின் பின்னால் இருந்ததோ நாலு சாக்கு ஒட்டுப்பாலும் (ரப்பர் மரத்தில் வடிந்து உறைந்த பால்) தோட்டத்து ஆட்களுக்கான அரிசியும்தான்.

பேச்சிப்பாறைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பாதையில் மழைக்காலத்தில் ஆட்டோ ஏறாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்கள் பாதை நெடுக விழுந்து கிடந்தன. மறுநாள் மரத்தை அறுத்து அறுத்து வழி செய்து, நாலு சக்கரமும் இழுக்கும்படி ஃபோர் வீல் போட்டு, நிறைமாதப் பெண் ஒருவரைக் கீழே கொண்டுவந்தது இந்த வண்டிதான்.

சரி, டீசல் அதிகம் குடிக்கும், புகையும் விடும். மறுக்கவில்லை. புகைச் சோதனையைத் தவறாமல் செய்கிறேன். ஆனால் விடுமுறை நாளில் அகல டயர் மாட்டி வந்து, ஓடைக்குள் இறக்கிச் சேற்றைக் கலக்கி வீடியோ எடுக்கிறவர்கள் வேறு. மீன்குஞ்சும் தவளை முட்டையும் அந்தச் சக்கரத்தடியில்தான் நசுங்குகின்றன. அதை நிறுத்தப் போராடினால் நானும் கூட நிற்பேன். நோட்டீஸ் ஒட்டியவர்கள் ஒரு நாள் என்னோடு தோட்டம் வரை வந்து பார்க்கட்டும்.

ஒரு ஜீப் ஓட்டுநர்,
குலசேகரம்.